குழந்தை இருக்கையில் குத்துவிளக்கு

விளக்கு பத்திரமாக இருக்கிறது. அதைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். இனியாவுக்கென்று நான் அலைந்து திரிந்து வாங்கிப் பின்சீட்டில் பொருத்திய குழந்தை இருக்கையில், இரண்டு பக்கமும் வார் இறங்க, நடுவில் கொக்கி பூட்டி, ஆடாமலிருக்கத் துண்டு சொருகி, ஐந்து முகக் குத்துவிளக்கு மகாராணி மாதிரி உட்கார்ந்து வருகிறது. உள்கண்ணாடியைப் பார்க்கும்போதெல்லாம் அதன் உச்சியிலிருக்கும் அன்னம் என்னையே பார்க்கிறது. நாலு வயது இனியா முன்சீட்டில் அவள் அப்பா மடியில், டேஷ்போர்டில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு ரோடு பார்த்து வருகிறாள். வெளியே சொன்னால் யாராவது நம்புவார்களா? பித்தளைக்கு வார், பிள்ளைக்கு மடி. தலையில் அடித்துக்கொள்ளலாம் என்றால் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கிறது. வாசலிலேயே சொன்னேன். தாராபுரத்தில் அத்தையின் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசம், சீராகப் போகும் விளக்கு, சரி, ஒப்புக்கொள்கிறேன், அதைத் துணியில் சுற்றிப் பின்னால் படுக்க வைத்தால் என்ன என்றேன். அத்தை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. வீட்டுக்குப் போகிற விளக்கைப் படுக்கப் போடுவார்களா, மனுசர் படுத்த மாதிரி அபசகுனமாக இருக்காதா, நிற்க வைத்துத்தான் கொண்டுபோக வேண்டுமாம். போன தடவை யாருக்கோ கொண்டுபோன விளக்கு பஸ்ஸில் சாய்ந்து கழுத்து நெளிந்து, சபையில் வைத்தபோது எல்லாரும் பார்த்துச் சிரித்தார்களாம். அதனால் அத்தையே யோசித்துக் கண்டுபிடித்த வழி இது. வாரும் கொக்கியும் எதற்கு இருக்கிறது என்று அவருக்குத் தெரியாமலில்லை. அருமையாகத் தெரிந்திருக்கிறது. அப்படியென்றால் பிள்ளை என்று கேட்டேன். "பிள்ளைக்குத்தான் அப்பன் மடி இருக்குதே அம்முணி, வெளக்குக்கு ஆரு இருக்கறா?" என்றார். பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் நல்ல நேரம் முடியப் போகிறது என்று பூபதி வண்டிக்குள் இருந்து ஹாரன் அடித்தார்.

என் வீட்டுக்காரரை மனசுக்குள் பூபதி என்றுதான் கூப்பிடுவேன், வெளியே மாமா. அவர் அம்மாதான் அத்தை. கோபம் வரும்போது மனசுக்குள் இன்னும் சில பெயர்கள் உண்டு. ஷட்டில் ஆடிக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டதால் இன்றைக்கு நான் ஓட்டுகிறேன். கால்தான் சுளுக்கு, வாய்க்கு ஒன்றுமில்லை. மூணாவதுக்கு மாத்து, ஹாரன் அடி, அவனை விடாதே, ஏன் விட்டாய், இப்படி ஊர்ந்தால் பந்தி முடிந்து இலையெடுக்கும்போதுதான் போவோம். நான் தினமும் பல்லடம் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டர் ஓட்டுகிறவள், அதுவெல்லாம் அவருக்குக் கணக்கில்லை. சாவியைப் போட்டதும் வண்டி கூப்பிட ஆரம்பித்தது. டிங், டிங், டிங். நான் என் வாரைப் போட்டேன், என் பக்கத்து விளக்கு அணைந்தது. அவர் பக்கத்தது சிவப்பாகத் துடித்துக்கொண்டே இருந்தது. அவர் சட்டைப்பையிலிருந்து அந்தச் சனியனை எடுத்தார். வாரில்லாமல் வாரின் நாக்கு மட்டும் தனியாக விற்கிறார்கள். அதைக் கொக்கியில் சொருகிவிட்டால் வண்டி எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துச் சும்மா இருந்துவிடும். பளபளவென்று எவர்சில்வரில், மேலே நட்சத்திரம் வேறு பொறித்திருக்கிறது. இதையும் ஒருத்தன் உட்கார்ந்து யோசித்து, அச்சு செய்து, மெருகு போட்டு விற்றிருக்கிறானே, அவன் வீட்டில் பிள்ளைகள் இல்லையா? வண்டிக்கிருக்கும் அக்கறையாவது நமக்கு வேண்டாமா என்று கேட்டேன். மடியில் பிள்ளை இருக்கும்போது வார் போட்டால் பிள்ளைக்கு அழுத்துமாம். நான் பிடித்திருக்கிறேனே, அப்புறம் என்ன என்றார். நான் பிடித்திருக்கிறேனே. வண்டி வந்த இந்த மூன்று மாதமாக இதைத்தான் கேட்கிறேன். கடைத்தெருவுக்கு, டாக்டரிடம், திருமுருகன்பூண்டி கோயிலுக்கு, எங்கே போனாலும் நான் பிடித்திருக்கிறேனே.

திருப்பூர் தாண்டியாகிவிட்டது. காற்றாலைகள் தெரிகின்றன, இனியா ஒவ்வொன்றாக விரல் நீட்டிக் காட்டுகிறாள். விரல் நீட்டும் ஒவ்வொரு தடவையும் முன்னால் குனிகிறாள். அவள் நெற்றிக்கு நேரே பிள்ளையார். மாமனார் ஒட்டியது. வெண்கலத்தில் உள்ளங்கை அளவு, நல்ல கனம், இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் வைத்து டேஷ்போர்டில் நட்டநடுவாக இல்லாமல் கொஞ்சம் இடதுபுறம் தள்ளி ஒட்டியிருக்கிறார், முன்சீட்டுக்காரர் கும்பிட வசதியாக. அந்த இடத்தில்தான் ஏர்பேக் என்கிற காற்றுப்பை இருக்கிறது, இடித்தால் மூடி பிளந்துகொண்டு அங்கிருந்துதான் வெடித்து வரும் என்று அவரிடம் சொன்னேன். வண்டிக்குப் பூசை போட்ட சூடம்கூட அணையவில்லை, நாலு டயருக்கடியிலும் எலுமிச்சம்பழம், இடித்தால் என்கிறாளே இந்தப் பெண் என்று எல்லாரும் முகத்தைச் சுளித்தார்கள். "அச்சானியமாப் பேசாத கண்ணு" என்றார் அத்தை. அதுதான் முதல் பூட்டு. புது வண்டியில் விபத்து என்ற பேச்சே வரக்கூடாது. பேசாமல் எப்படி வாரைப் பற்றிப் பேசுவது? நெருப்பு என்று சொன்னால் வாய் வெந்துவிடுமா? பிள்ளையாரோ தும்பிக்கையை வளைத்து என் பெண்ணைப் பார்த்தபடி இருக்கிறார். சாமி, உங்கள் மேல் எனக்கொரு வருத்தமுமில்லை, நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடம்தான் சரியில்லை. உங்களை நானாகப் பெயர்த்தெடுத்து வேறிடத்தில் வைத்தால், நாளைக்கு டயர் பஞ்சரானாலும் அந்தப் பழி என் தலையில்தான்.

வண்டி வாங்கியதே ஒரு கூத்து. எனக்கு ஒரு சின்னக் கார் போதும் என்றிருந்தது. மாமனாருக்கு ஏழு பேர் போகும் வேன் வேண்டும், சொந்தபந்தத்தை ஏற்றிக்கொண்டு விசேஷத்துக்குப் போனால்தான் வண்டிக்கு மரியாதையாம். பூபதிக்கு அதை வேன் என்று சொன்னால் கோபம் வரும், கார் என்றுதான் சொல்ல வேண்டும். பள்ளிக்கூட வேனைவிட ஒரு சுற்றுச் சின்னது, அவ்வளவுதான். ஷோரூமுக்குப் போனோம். மாமனார் கதவைக் கைமுட்டியால் தட்டிப் பார்த்தார், தேங்காயைத் தட்டிப் பார்ப்பதுபோல. தகடு நல்ல தடிமன் என்று தீர்ப்புச் சொன்னார். பூபதி மைலேஜ் கேட்டார். அத்தை நிறம் கேட்டார், கறுப்பு வேண்டாம் என்றார். நான் குழந்தைக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டேன். அந்தப் பையன், கழுத்தில் டையும் கையில் டேப்லெட்டுமாக நின்றவன், திருதிருவென்று விழித்தான். மேலே திறக்கும் கண்ணாடியைக் காட்டினான். அந்த நட்சத்திரமில்லை தம்பி, மோதவிட்டுப் பார்ப்பார்களே அது என்றேன். மேடம், இத்தனை வருசத்தில் என்னிடம் யாரும் இதைக் கேட்டதில்லை என்றான். நானே தேடிப் பார்த்தேன். பெரியவர்களுக்கு நாலு, குழந்தைகளுக்கு இரண்டு. நாலு இருக்கிறதல்லவா, அப்புறமென்ன என்றார் பூபதி. பெரிய மார்க்கை மட்டும் பார்க்கும் பழக்கம் பள்ளிக்கூடத்திலிருந்தே வந்திருக்க வேண்டும். அந்த இரண்டும்கூடத் தனி இருக்கையில் வாரோடு உட்கார்ந்த குழந்தைக்குக் கொடுத்தது. மடியில் உட்கார்ந்த குழந்தைக்கு எத்தனை நட்சத்திரம் என்று எங்கேயும் போடவில்லை. அப்படி ஒரு பொம்மையை மடியில் வைத்து மோதவிட்டுப் பார்க்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றவேயில்லை. தோன்றியிருந்தால் நம்மூருக்கு வந்திருப்பார்கள்.

வண்டியை மோதவிட்டு எடுத்த அந்தப் படத்தை நான் பார்த்திருக்கக் கூடாது. பார்த்துவிட்டேன், இனி மறக்க வழியில்லை. இதே வேன், இதே வெள்ளை நிறம், ஒரு பெரிய கொட்டகைக்குள் சத்தமில்லாமல் ஓடி வருகிறது. உள்ளே நாலு பொம்மைகள். பொம்மைகளின் முகத்தில் மஞ்சளும் நீலமுமாகச் சாயம் பூசியிருக்கிறார்கள், முகம் எங்கே போய் இடித்தது என்று அப்புறம் அந்தக் கறையை வைத்துக் கண்டுபிடிக்க. அதற்குப் பிறகு எல்லாம் மெதுவாக நடக்கிறது. சுவரில் மோதி வண்டியின் மூக்கு மடங்குகிறது. கண்ணாடித் துகள்கள் அவசரமில்லாமல் மிதக்கின்றன. பின்சீட்டுக் குழந்தைப் பொம்மையின் தலை முன்னால் போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது, வார் அதை இழுத்துப் பிடிக்கிறது. அந்தப் பொம்மைக்குப் போட்டிருந்த நீலச் சட்டை மாதிரியே இனியாவிடம் ஒன்றிருந்தது. அதைத் தூக்கிப் பரணில் போட்டேன், ஏன் போட்டாய் என்று கேட்டார்கள், சின்னதாகிவிட்டது என்றேன். என் வேலையும் லட்சணமான வேலை. துணிச் சோதனைக் கூடத்தில், வெளிநாட்டுக் குழந்தைகள் போடும் சட்டையின் பட்டனை மெஷினில் மாட்டி இழுப்பேன். பிய்ந்தால் மொத்தச் சரக்கும் திரும்பிவிடும், ஏனென்றால் பிய்ந்த பட்டனை அங்கே ஏதோ ஒரு குழந்தை விழுங்கிவிடலாம். பார்த்தேயிராத அந்தக் குழந்தையின் தொண்டைக்காக நாள் பூராவும் பட்டன் இழுக்கிறேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் நான் பிடித்திருக்கிறேனே. பட்டனென்றால் இழுத்துக் காட்டலாம், இதோ பார், பிய்ந்துவிட்டது என்று மேஜையில் வைக்கலாம். இதை எப்படி இழுத்துக் காட்டுவது? அங்கேதான் போய்ப் போய் முட்டிக்கொண்டு நிற்கிறேன். நான் சொல்வது சரி என்று நிரூபிக்க ஒரே ஒரு வழிதான் இருக்கிறது, அது நடக்கவே கூடாது. நடக்காத வரைக்கும் அவர்கள் சொல்வதுதான் சரி. ஒவ்வொரு தடவை நல்லபடியாகப் போய்ச் சேரும்போதும் அவர்கள் ஜெயிக்கிறார்கள், நான் தோற்கிறேன். தோற்கத்தான் வேண்டும் என்று வேண்டிக்கொண்டே ஓட்டவும் செய்கிறேன். இப்படி ஒரு வழக்கு எந்தக் கோர்ட்டிலாவது உண்டா?

காங்கேயம் வந்துவிட்டது. களங்களில் கொப்பரை காய்கிறது, அந்த இனிப்புக் காறல் வாசம் ஏசி வழியாகவும் வருகிறது. டீக்கு நிறுத்தலாம், நிறுத்தும்போது விளக்கை எடுத்துவிட்டு இனியாவைப் பின்னால் கட்டிவிடலாம் என்று திருப்பூர் தாண்டும்போதே திட்டம் போட்டிருந்தேன். டீ வேண்டாம், அங்கே போய்க் குடித்துக்கொள்ளலாம் என்றார் அத்தை. பூபதியும் வேண்டாம் என்றார். சரி, திட்டம் போயிற்று. எனக்கு மூத்திரம் வருகிறது என்று சொல்லியிருக்கலாம். அதற்கும் மாப்பிள்ளை முறுக்கோடு, இன்னும் பத்து நிமிசம் பொறுத்துக்கோ என்பார் பூபதி. எனக்கு ஏன் இவ்வளவு பயம் என்று சில சமயம் எனக்கே தோன்றும். எங்கள் அம்மா வீட்டில் டிவிஎஸ் வண்டியில் நாலு பேர் போனோம், நான் டேங்க்கில்லாத அந்த முன்பலகையில் நின்றுகொண்டு போனேன், சாகவில்லை. இதைத்தான் அவரும் சொல்கிறார், நாமெல்லாம் வளரவில்லையா. வளர்ந்தவர்கள்தானே வந்து இதைச் சொல்ல முடியும்? வளராமல் போனவர்கள் எங்கே வந்து சாட்சி சொல்வார்கள்? இதைச் சத்தமாகச் சொல்லிவிட்டேனோ என்று பக்கத்தில் பார்க்கிறேன். இல்லை. அவர் வலதுகையில் போனைப் பிடித்து யாருடனோ பேசிக்கொண்டு, இடதுகையை மட்டும் இனியாவின் வயிற்றில் போட்டிருக்கிறார். ஒரு கை. மூன்று மாதமாக இரண்டு கையாக இருந்தது, இன்றைக்கு ஒன்று. கேட்டால் ஒரு கையே போதும் என்பார். வேகம் ஐம்பது. நாற்பதுக்கு இறக்குகிறேன். ஏன் இறக்கினாய் என்கிறார், போனை மறைத்துக்கொண்டு. ரோடு காலியாகத்தானே இருக்கிறது, மாட்டு வண்டியா ஓட்டுகிறாய்? இந்த வண்டிக்கு ஆறு கியர் எதற்குக் கொடுத்திருக்கிறான்? வாரும்தான் ஏழு கொடுத்திருக்கிறான், மாமா. நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். நான் விழுங்கும் பட்டன்களை எந்தக் கூடத்திலும் சோதிப்பதில்லை.

பால் கேன். முதலில் பார்த்தது அதைத்தான், மொபெட்டை அப்புறம்தான் பார்த்தேன். இடதுபுறக் களத்திலிருந்து, வலப்பக்கம் இடப்பக்கம் எதையும் பார்க்காமல், வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் தன் வீட்டு வாசலைத் தாண்டுகிற மாதிரி ரோட்டைத் தாண்டினார். என் கால் அதுவாகப் போய் மிதித்தது. டயர் கத்தியது. என் வார் இறுகி நெஞ்சைப் பிடித்து இழுத்தது. வண்டி நின்றது. மொபெட் போய்விட்டது, அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின்னால் விளக்கு அசையவில்லை. அத்தை என் சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு முருகா முருகா என்றார். பூபதியின் போன் எங்கோ அடியில் போய் ஹலோ ஹலோ என்றது. ஓரம் கட்டினேன்.

"பாத்தியா, புடிச்சிட்டேன்ல?" என்றார் பூபதி.

அவர் குரலில் எவ்வளவு சந்தோஷம். அத்தை பின்னாலிருந்து அப்பன் கையென்றால் சும்மாவா, பிள்ளையாரும் துணைக்கு இருக்கிறார், கண்ணேறு கழிந்தது என்று இரண்டு பேருக்கும் பங்கு பிரித்துக் கொடுத்தார். காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. பிரேக்குக்கு ஒரு வார்த்தை கிடையாது. எனக்குப் புரிந்துவிட்டது. இனி ஆயுசு முழுக்க இதுதான் ஆதாரம். கிரகப்பிரவேசப் பந்தியில் ஆரம்பித்து அடுத்த காதுகுத்து, கல்யாணம், கருமாதி எல்லாவற்றிலும் இந்தக் காங்கேயம் கதை ஓடும், பூபதி ஒரே கையால் பிள்ளையைப் பிடித்த கதை. ஆனால் நான் பார்த்தேன். வேறு யாரும் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். நாற்பதில் வந்த வண்டி, மோதக்கூட இல்லை, வெறும் பிரேக். அதற்கே அவர் சீட்டைவிட்டு வழுக்கி வந்தார், அத்தனை உடம்பும், மடியிலிருந்தவளை முன்னால் தள்ளிக்கொண்டு. கை பிள்ளையைப் பிடிக்கவில்லை, அவர் உடம்பை நிறுத்தக் கதவுப்பிடியைத் தேடிப் போனது. நடுவில் இனியா. முதுகில் அப்பா, முகத்துக்கு எதிரே பிள்ளையார், விரல் நுழையும் இடைவெளி. நின்றதும் அவர் திரும்பவும் அவள் வயிற்றைச் சுற்றிக் கை போட்டுக்கொண்டார். அவருக்கே தெரியவில்லை. பொய் சொல்கிறார் என்று சொல்ல மாட்டேன், நிஜமாகவே பிடித்ததாகத்தான் நினைக்கிறார். இதைச் சொன்னால் சண்டை. சொல்லாவிட்டால் நான் எதற்கு? சொல்ல வேண்டும், எப்படி ஆரம்பிப்பது, மாமா நீங்கள் பிடிக்கவில்லை என்றா, அத்தை முன்னாலா, நல்ல காரியத்துக்குப் போகிற வழியிலா?

"அப்பா எம்மேல விழுந்துட்டாரு" என்றாள் இனியா. அழவில்லை. "நாந்தான் அப்பாவப் புடிச்சேன். கை வலிக்குதும்மா."

இரண்டு கையையும் என் பக்கம் நீட்டினாள். உள்ளங்கையில் டேஷ்போர்டின் சொரசொரப்பு அப்படியே அச்சாகச் சிவந்திருந்தது. பூபதி அந்தக் கைகளைப் பார்த்தார். அப்புறம் பிள்ளையாரைப் பார்த்தார், தன் மடியிலிருந்து அது எவ்வளவு தூரம் என்று இப்போதுதான் அளக்கிறவர் மாதிரி. அவள் பிஞ்சு மணிக்கட்டைத் தடவிக்கொடுத்தார், அது வலிக்கிறது என்று அவள் கையை இழுத்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது, கோபமும் கூடவே வந்தது. மூன்று மாதமாக நான் தொண்டை வறளச் சொன்னதை நாலு வயசு ஒரே மூச்சில் சொல்லிவிட்டதே என்று அதற்கும் எரிச்சலாக இருந்தது. இனி எதற்கும் யாரையும் கேட்பதில்லை, இறங்கி விளக்கைத் தூக்கிக் களத்தில் வைக்கப் போகிறேன் என்று என் வாரைக் கழற்றினேன். அதற்குள் பின்னால் சத்தம் கேட்டது.

அத்தை குழந்தை இருக்கையின் சிவப்புப் பட்டனை அழுத்திக்கொண்டிருந்தார். ஒரு விரலால் அழுத்தினார், இறங்கவில்லை. இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து, பல்லைக் கடித்து அழுத்தினார். கொக்கி விட்டது. துண்டுகளை உருவினார். விளக்கை அதன் கழுத்தைப் பிடித்துத் தூக்கி ஒரு நிமிசம் மடியில் வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு துண்டைக் காலடியில் விரித்து அதன்மேல் விளக்கைப் படுக்க வைத்தார். அன்னம் கதவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. நான் வாசலில் சொன்னபோது அப்படிப் பார்த்தவர், இப்போது யாரையும் பார்க்கவில்லை.

"வெளக்கு நெளிஞ்சா தட்டி எடுத்துக்கலாம்" என்றார். "பிள்ளையக் கொண்டா."

நான் இறங்கிச் சுற்றி வந்து இனியாவைத் தூக்கிப்போய்ப் பின்னால் உட்கார வைத்தேன். வார் இரண்டையும் தோளில் இறக்கி, பூட்டி, இழுத்துப் பார்த்து, வேலைப் பழக்கத்தில் இன்னொரு தடவையும் இழுத்துப் பார்த்தேன். அத்தைக்கும் போட்டுவிட்டேன், கையைத் தூக்கிக் கொடுத்தார். நான் திரும்பி வந்து உட்கார்ந்தபோது டிங், டிங் என்று வண்டி கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அந்த எவர்சில்வர் நாக்கு பூபதியின் கையில் இருந்தது. அதை எங்கே போடுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார், அப்புறம் கண்ணாடியை இறக்கி ஓரத்துக் கள்ளிச்செடியில் எறிந்தார். வாரை இழுத்துப் பூட்டினார். சத்தம் நின்றது. பிள்ளையாரை என்ன செய்வது என்று என்னைப் பார்த்துக் கேட்டார். தாராபுரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன், இன்னும் எனக்குக் கோபம் தீரவில்லை. மூணாவதுக்கு மாத்து என்று அவர் சொல்வார் என்று காத்திருந்தேன், சொல்லவில்லை. கண்ணாடியில் அன்னத்தைக் காணோம், இனியா தன் உள்ளங்கையை ஊதிக்கொண்டிருந்தாள். வண்டியை எடுத்தேன்.